ஜெர்மனிக்கு நர்ஸ் வேலை: கணவரை எப்போது அழைத்துப் போகலாம்?

கும்பகோணத்திலிருந்து:
சிங்கப்பூர், துபாய் கணக்கு ஜெர்மனிக்கு ஒத்துவராது. முதலில் மனைவியின் விசா ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று பாருங்கள். நம் ஊர் நர்ஸிங் படிப்பு அங்கே இன்னும் முழுதாக ஏற்கப்படாமல், போய்ப் பயிற்சியோ தேர்வோ முடிக்க வேண்டியிருந்தால் 16டி. அங்கீகாரம் கைக்கு வந்து நர்ஸாகவே வேலை பார்த்தால் 18ஏ.

16டியில் கணவர் வர மூன்று தேவை: ஏ1 (தொடக்கநிலை) ஜெர்மன் மொழிச் சான்றிதழ், இருவர் தங்கப் போதுமான வீடு, இருவருக்கும் கட்டுப்படியாகும் வருமானம். பெரும்பாலும் இடிப்பது கடைசி இரண்டும்தான். ஆஸ்பத்திரி தரும் விடுதி அறை ஒருவருக்கானது. அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் சம்பளமே வரும். 18ஏ ஆகிவிட்டால் ஏ1 கேட்பதில்லை, வீட்டின் அளவையும் பார்ப்பதில்லை. அவசரம் இல்லாதவர்கள் அதுவரை பொறுப்பதே நல்லது என்பது என் கருத்து.

மயிலாடுதுறையிலிருந்து:
அக்கா சொன்னதோடு ஒன்று. 16டி அனுமதி கிடைக்கும் முன்பே கல்யாணம் நடந்து, அங்கே ஓராண்டுக்கு மேல் தங்கப்போவதாகவும் இருந்தால் கணவர் வருவது சட்டப்படி உரிமை. அனுமதிக்குப் பிறகு கல்யாணம் என்றால், முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் அதிகாரியின் விருப்பம். நிச்சயம் முடித்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கோயில் ரசீதும் மண்டபப் பத்திரிகையும் போதாது. சார்பதிவாளர் அலுவலகப் பதிவுச் சான்று வேண்டும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், சான்றில் வெறும் இனிஷியல் நிற்கும். பதியும்போதே பாஸ்போர்ட்டை வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

அப்போஸ்டில் (வெளிநாட்டில் காட்டும் ஆவணம் உண்மையானது என்று அரசு இடும் முத்திரை) போட்டுத் தருகிறேன் என்று ஏஜென்ட் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவின் அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை. சந்தேகம் வந்தால் தூதரகமே சான்றைச் சரிபார்க்கும்.

தஞ்சாவூரிலிருந்து:
ஆஸ்பத்திரி நிர்வாகம் அதே சட்டத்தின் 81ஏ பிரிவிலுள்ள துரித விசா நடைமுறைக்கு விண்ணப்பித்தால் (411 யூரோ), ஒட்டியே மனுப் போடும் கணவரும் அதிலேயே சேர்வார். சேர்க்கச் சொல்லி முதலிலேயே கேளுங்கள், தம்பி. இல்லையென்றால் கணவரின் கோப்பு அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனியாகக் காத்துக் கிடக்கும். குடும்ப அனுமதியில் வந்தவர் எந்த வேலையும் பார்க்கலாம், தனி அனுமதி வேண்டாம். அவரும் நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமென்றால் அவருடைய அங்கீகாரத்துக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும்.