மாசத்தில் ஒரு சனிக்கிழமை புறோகிரசிவ் றொக்குக்கு: கிளப் மண்டபத்தைக் கொடுக்கலாமா?

இணுவிலான்
எங்கள் இசைக் கிளப் கமிட்டி, மாசக் கடைசிச் சனிக்கிழமையைப் புறோகிரசிவ் றொக் (நீண்ட பாட்டுகளும் மாறும் தாளங்களும் கொண்ட றொக் இசை) வாசிக்கும் பெடியளுக்கு ஒதுக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. போனமுறை நடந்த கச்சேரிக்குப் போயிருந்தேன். பெடியள் கெட்டிக்காரர், அதில் மறுபேச்சில்லை. ஆனால் யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ தொடங்கிப் பத்து நிமிஷத்தில் பின்வரிசைக் கதிரைகள் பாதி காலி. அந்தப் பாட்டு பதினெட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும். உள்ளே இருந்த சனத்தைவிட வெளியே தேத்தண்ணிக் கடையடியில் நின்ற சனம் கூட. சந்தா எல்லோரும்தான் கட்டுகிறோம். பழைய பாட்டு இரவு வைத்தால் நிற்க இடம் கிடையாது. மண்டபத்தை யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏழின்கீழ்எட்டு
அண்ணை, நீளத்தைக் குற்றம் சொல்லாதேங்கோ. கோயில் திருவிழாவில் மேளச்சமா, அதுதான் தவில் நாதஸ்வரக் கச்சேரி, என்றால் எங்கள் சனம் நடுச்சாமம் தாண்டியும் வீதியில் நிற்கிறது. தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கொண்டாடிய ஊருக்குப் பதினெட்டு நிமிஷம் பெரிய விஷயமே இல்லை. கணக்கும் புதிதில்லை. பிங்க் ஃபுளொய்டின் ‘மணி’ பாட்டு சுற்றுக்கு ஏழு எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. சாக்ஸபோன் தனியும் ஏழிலேயே வருகிறது. கிற்றார் தனி வரும்போது நாலுக்கு மாறுகிறது. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்ட காதுக்கு அந்த ஏழு தானாகப் பிடிபடும். 1969இல் கிங் கிரிம்சன் குழு முதல் இசைத்தட்டை விட்ட நாளிலிருந்து இந்த இசை கேட்பவரை நம்பித்தான் நிற்கிறது. நாங்களும் எங்கள் ஆட்களை நம்பவேண்டும்.

மேளக்காரன்
தம்பி, மேளச்சமாவை இதற்குள் இழுத்தபடியால் எழுதுகிறேன். தவிலில் எந்த நடை வந்தாலும் தாளம் போடும் கை மாறாது. மிஸ்ர சாபு என்றால் தகிட தகதிமி, மூன்றும் நாலும். கடைசிவரை அதுதான். வித்துவான் எவ்வளவு தூரம் ஓடினாலும் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழுவார் என்று கேட்பவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நீங்கள் சொல்லும் இசையில் அந்தத் தாளமே நடுவழியில் மாறிவிடுகிறது. ஏழு, நாலு, பிறகு ஆறு. கையைத் தொடையில் வைத்தவன் எதை எண்ணுவது? இரண்டும் ஒன்று என்று சொல்லிச் சனத்தைக் கூப்பிட்டால், வந்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

ஏழின்கீழ்எட்டு
ஐயா, நீங்கள் சொல்வது பல பாட்டுகளுக்குச் சரி, எல்லாவற்றுக்கும் இல்லை. கிங் கிரிம்சனின் ‘ஃப்ரேம் பை ஃப்ரேம்’, 1981இல் வந்தது. இரண்டு கிற்றாரும் ஏழில் தொடங்கும். இரண்டு சுற்று சேர்ந்தால் 14 ஸ்வரம். ஒரு கட்டத்தில் ஒரு கிற்றார் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு 13ஆக வாசிக்கும், மற்றது அசையாது. கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்ப் பிறகு இரண்டும் கூடும். ஒருக்கால் கேட்டுப்பார்த்துச் சொல்லுங்கோ.

மேளக்காரன்
கேட்டேன். 14 ஸ்வரச் சுற்று 13 தரம், 13 ஸ்வரச் சுற்று 14 தரம். முழுக்க ஓடவிட்டால் 182இல் சமம். இது கணக்குத் தெரிந்தவர்கள் செய்த வேலை. அதற்காக மாசாமாசம் மண்டபம் கொடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்டதை மேடையில் வாசிப்பதாக இருந்தால், முதலில் ஒருவர் வந்து கையால் தாளம் போட்டுக் காட்டவேண்டும்.

மிக்சரடி
அன்றைக்கு ஒலி மிக்சரில் இருந்தவன் நான். சனம் எழும்பிய இடத்தைக் கவனித்தேன். ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ பாட்டின் நடுவில் ட்ரம்ஸ் அடங்கி, குரலும் கீபோர்டும் மெதுவாகப் போகும் ஒரு பகுதி இருக்கிறது. அதன் பிறகுதான் தேவாலய ஓர்கன் எழும். எங்கள் மண்டபமோ சீற்றுக் கூரை, மொட்டைச் சுவர், மேலே காற்றாடிகள் முழு வேகத்தில். மெல்லிய பகுதி வந்தபோது மூன்றாம் வரிசைக்கு அப்பால் காற்றாடிச் சத்தம்தான் கேட்டது. பாட்டு நின்றுவிட்டது என்று நினைத்தே பலர் எழும்பினார்கள். அதற்கு முன்னால் க்ராஷ் சிம்பல் கூரையில் பட்டுத் திரும்பிக் காதைப் பிளந்தது. சின்ன மண்டபத்தில் ட்ரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை. ட்ரம்ஸுக்குக் கீழே தடித்த கம்பளம், பின்சுவரில் திரைச்சீலை, கிற்றார் ஆம்பைத் தாழ்த்திக் குரலை மேலே எடுத்தால் போதும். அந்த ஐந்து நிமிஷம் காற்றாடியை நிறுத்தவும் வேண்டும், வேர்த்தாலும் பரவாயில்லை. இந்த இசையின் உயிரே மெல்லியதற்கும் உரத்ததற்கும் இடையிலுள்ள தூரம்தான். அதைக் கேட்க விடாமல் செய்துவிட்டு, சனத்துக்குப் பிடிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

கீபோர்ட்காரி
அந்த பாண்டில் கீபோர்ட் வாசித்தவள் நான்தான். இணுவிலான் அண்ணை, ஏன் மாசாமாசம் கேட்கிறோம் என்று சொல்லுகிறேன். பிங்க் ஃபுளொய்ட் ‘டார்க் சைட் ஒவ் த மூன்’ பாட்டுகளை 1972 ஜனவரியிலேயே மேடையில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இசைத்தட்டு வந்தது 1973 மார்ச்சில். ஒரு வருஷத்துக்கு மேலாகச் சனத்துக்கு முன்னால் வாசித்து, திருத்தி, வெட்டி, கூட்டித்தான் அது அந்த உருவத்துக்கு வந்தது. நீண்ட உருப்படி அறைக்குள் முடிவதில்லை. எந்த இடத்தில் கேட்பவர் மனம் அலைகிறது என்பது மேடையில்தான் விளங்கும். எங்களிடம் சொந்தமாகத் தமிழில் ஒரு உருப்படி அரைவாசியில் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு மேடை கிடைத்தால் அது அரைவாசியிலேயே கிடக்கும்.

இணுவிலான்
தங்கச்சி, இதை அன்றைக்கு மேடையில் சொல்லியிருந்தால் நான் கடைசிவரை இருந்து கேட்டிருப்பேன். சொந்த உருப்படிக்கு மேடை கொடுப்பதற்கு நான் எதிரியில்லை. லண்டன்காரர் ஐம்பது வருஷத்துக்கு முன் வாசித்ததை அப்படியே திரும்ப வாசிக்கப் பன்னிரண்டு சனிக்கிழமை கொடுப்பதற்குத்தான் எதிர்ப்பு. அதோடு நேரம். சாவகச்சேரி, பருத்தித்துறைப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸுக்கு ஓடவேண்டும். ஏழு மணிக்குத் தொடங்கி இழுத்தடித்தால் எந்தத் தாய் தகப்பன் பிள்ளையை அனுப்பும்?

கீபோர்ட்காரி
நேரம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்கும் வீட்டில் அதே பிரச்சினைதான். நாலரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிப்போம். ஆனால் மற்றவர்களின் பாட்டை வாசிக்காமல் நாங்கள் எதைப் படிப்பது? கீர்த்தனை பாடிப் பழகாமல் யாரும் சொந்தமாக ஒன்று செய்வதில்லையே.

ஏழின்கீழ்எட்டு
இந்த இசை பெரிய அரங்கில் பிறக்கவும் இல்லை. யெஸ், கிங் கிரிம்சன் எல்லாரும் லண்டனில் மார்க்கீ போன்ற சின்னக் கிளப்புகளில் திரும்பத் திரும்ப வாசித்து வளர்ந்தவர்கள். வந்த ஆட்களே திரும்பவும் வந்தார்கள், காது பழகியது.

இணுவிலான்
அங்கே கிளப்புக்கு வாசலில் காசு வாங்கினார்கள். இங்கே சவுண்டுக்கும், கரண்ட் போனால் ஜெனரேற்றர் டீசலுக்கும் சந்தாப் பணம் போகிறது. ஆறு மாசத்துக்கு மட்டும், வாசலில் ரிக்கற் போட்டு, ஒவ்வொரு தடவையும் சொந்த உருப்படி ஒன்றாவது வாசிப்பதாக எழுத்தில் கொடுங்கள். அது இல்லாவிட்டால் கூட்டத்தில் எதிர்த்துத்தான் கை உயர்த்துவேன்.

மிக்சரடி
ரிக்கற் போடுங்கோ. முதல் காசில் கம்பளம் வாங்கவேண்டும்.