வெளிநாட்டில் குழந்தை பிறக்கப்போகிறதா? பேருக்கு முன்னால் சர்நேமை முடிவு பண்ணுங்கள்

புதிதாக வெளிநாடு போன நம்ம ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "டெலிவரிக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு, பேர் முடிவாகலை, நல்ல தமிழ்ப் பேரா ஏதாவது சொல்லுங்க." பேர் சொல்ல உங்களுக்கு ஆள் பஞ்சமே இருக்காது. அத்தை சொல்வார், ஆபீஸ் நண்பர் சொல்வார், மேற்கு மாம்பலத்து நியூமராலஜிக்காரர் காசு வாங்கிக்கொண்டு சொல்வார். நான் நியூஜெர்சியில் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்டு இப்போது நங்கநல்லூரில் உட்கார்ந்திருக்கும் ஆள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது பேருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த சர்நேம் கட்டத்துக்காகத்தான். பேர் எப்படியும் வந்துவிடும்.

நமக்கு இனிஷியல்தான் பழக்கம். அப்பா பேரில் முதல் எழுத்து, அப்புறம் நம் பேர், அவ்வளவுதான். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள், அதற்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே பேருக்குப் பின்னால் இருந்த வால் உதிர்ந்துபோனது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஹூஸ்டனிலோ ஹாம்பர்க்கிலோ இருக்கும் கம்ப்யூட்டருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது, அதற்கு இரண்டு கட்டமும் நிரம்ப வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட விடமாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். சர்நேமைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் வாங்க முடியும், ஆனால் அப்படி வாங்கியவர்கள் அமெரிக்க விசாவில் தங்கள் பேர் சர்நேம் இடத்துக்குத் தாவி, முதல் பேர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பேர் தெரியவில்லை என்று அர்த்தமாம். டாக்டர் கிளினிக்கில் நர்ஸ் வந்து "ஃப்னூ" என்று கூப்பிடுவாள், எழுந்து போக வேண்டியதுதான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரே ஒரு பேர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்தது, அப்போது சென்னையில் எத்தனை வீடுகளில் துபாய் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள் என்பதை இங்கே இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உங்கள் தலையெழுத்து அது, சரி, குழந்தைக்கும் அதை ஏன் எழுதி வைக்க வேண்டும்?

சர்நேமில் என்ன போடலாம்? பெரும்பாலானவர்கள் செய்வது அப்பாவின் சொந்தப் பேரைப் போடுவது. கார்த்திக்கின் மகள் நிலா என்றால் நிலா கார்த்திக். இனிஷியல் முறையின் நேரான தொடர்ச்சி இதுதான், குழந்தை பெரியவளாகி சென்னைக்கு வந்தாலும் கே. நிலா என்று எழுதிக்கொள்ளலாம். இதில் ஒரே சங்கடம், வீட்டில் மூன்று பேருக்கு மூன்று சர்நேம் இருக்கும்: கணவருக்கு அவர் அப்பா பேர், மனைவிக்கு அவர் அப்பா பேர், குழந்தைக்குக் கணவர் பேர். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் இரண்டு தடவை விளக்கினால் பழகிவிடுவார்கள். அம்மா தனியாகக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறும்போதுதான் இமிகிரேஷனில் கேள்வி வரும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் நகலும் அப்பா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும் பையில் இருந்தால் போதும்.

இன்னொரு வழி, கணவர் பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே சர்நேமாக இருக்கும் தாத்தா பேரையே குழந்தைக்கும் வைத்து, அதைக் குடும்பப் பேராக ஆக்கிவிடுவது. அங்கேயே இருந்துவிடப் போகிறோம் என்று தெளிவாக இருப்பவர்களுக்கு இது வசதி. தாத்தாவுக்கும் சந்தோஷம். ஆனால் தாத்தா பேர் வெங்கடசுப்பிரமணியன் என்றால் ஆங்கிலத்தில் 18 எழுத்து, குழந்தை ஒன்றாம் வகுப்பிலேயே உங்களைத் திட்டும். அம்மா பேரை வைக்கலாம், ஊர்ப் பேரை வைக்கலாம், பல நாடுகளில் கேள்வியே கேட்க மாட்டார்கள். எதுவானாலும் இரண்டாவது குழந்தைக்கும் அதே சர்நேம்தான் வைப்பீர்களா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். தாத்தா கஷ்டப்பட்டு விட்டுத் தொலைத்த சாதிப் பேரை, ஆபீஸில் வடநாட்டு நண்பர்களுக்கெல்லாம் இருக்கிறதே என்று தூசி தட்டி எடுத்துக் குழந்தை தலையில் மாட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். என்னைக் கேட்டால், வேண்டவே வேண்டாம்.

இனி பேர். அங்கே பல நாடுகளில் 20 வார ஸ்கேனிலேயே ஆணா பெண்ணா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள், அதனால் பாதி வேலை குறையும். (சென்னையில் இருக்கும் பாட்டிகளுக்கு இது தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது என்பார்கள், கண் பட்டுவிடுமாம். அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள், இதில் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.)

வாயில் நுழையுமா என்பதை வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். பேரை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி, உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமோ ஆபீஸில் நம்மூர் ஆள் இல்லாத ஒருவரிடமோ கொடுத்து, எதுவும் சொல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். யாழினி, எழில், கனிமொழி எல்லாம் அழகான பேர்கள், ஆனால் ழகரத்துக்கு நாம் எழுதும் இசட்-எச் அவர்களுக்கு யாஸினி, எஸில் என்றுதான் போகும். அதனால் வைக்கக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன், ழ நம் வீட்டுச் சொத்து, அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். பிள்ளை வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தெரிந்து வையுங்கள், அவ்வளவே. கவின், நிலா, மாறன், இனியா, பாரி, ஆதிரை போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. கவினைச் சிலர் கெவின் ஆக்குவார்கள், பரவாயில்லை. ஆதன் என்ற பேர் இப்போது நிறையப் பேருக்குப் பிடிக்கிறது, கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் தமிழி எழுத்தில் இருந்த பேர், சொல்லவும் சுலபம். வளைகுடா பக்கம் இருப்பவர்கள் மட்டும் அது பாங்கு ஓசைக்கான சொல்லைப் போலவே எழுதப்படும் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பூ என்று தொடங்கும் பேர்களை ஆங்கிலம் பேசும் நாட்டில் ஆரம்பப் பள்ளிக்கு அனுப்புவது கொஞ்சம் கொடுமை. அனல் என்ற பேரை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், நான் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

இணையத்தில் மாடர்ன் பேர்கள் என்று வரும் பட்டியல்களில் ஷ்-உம் வ்-உம் கலந்து கட்டிய ஏதோ ஒன்றுக்கு "சூரியனின் முதல் கதிர்" என்று அர்த்தம் போட்டிருப்பார்கள். பாதி யாரோ உட்கார்ந்து இட்டுக்கட்டியது. தமிழ்ப் பேர் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முழுவதும் இணையத்திலேயே தேடும்படி இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை.

நட்சத்திர எழுத்து பார்க்கிற வீடுகளுக்கு ஒரு விஷயம், இதில்தான் சென்னைக்கும் அங்கேக்கும் நடுவில் குழப்பம் வருகிறது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து: அசுவினிக்கு சு, சே, சோ, ல, ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்று போகும். சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுக்கும். நியூஜெர்சியில் கோடை காலத்தில் ராத்திரி எட்டு மணிக்குக் குழந்தை பிறந்தால் சென்னையில் அப்போது மறுநாள் காலை ஐந்தரை. நீங்கள் வாட்ஸ்அப்பில் "எட்டு மணிக்குப் பிறந்தது" என்று மட்டும் போட, மாமியார் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றைய தேதிக்கு எட்டு மணி பார்த்து ஜோசியரிடம் சொல்ல, ஒன்றரைப் பாதம் தள்ளிப்போய் வேறு எழுத்து வந்து நிற்கும், சில சமயம் நட்சத்திரமே மாறிவிடும். பிறந்த ஊர், அந்த ஊர் நேரம், இந்திய நேரம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அப்புறம் திருவாதிரை மூன்றாம் பாதம் வந்தால் எழுத்து ங. அதற்குப் பேர் தேடி யாரும் ஜெயித்ததில்லை, ஜோசியர்களே பக்கத்து எழுத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆக நட்சத்திரப் பேரை புண்ணியாஜனத்தன்று (பேர் வைக்கும் சடங்கன்று) காதில் சொல்லும் பேராக வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. குலதெய்வம் பேர், பாட்டி பேர் எல்லாவற்றுக்கும் அங்கேயே இடம் கொடுத்துவிடலாம். வீட்டில் ஒரு பேர் ரெக்கார்டில் ஒரு பேர் என்பது நம்ம ஊரில் காலங்காலமாக நடப்பதுதானே.

நியூமராலஜிக்காக ஓர் ஏ, ஓர் எச் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னால் வீட்டு அழைப்பிதழில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபோனில் ஒவ்வொரு தடவையும் எழுத்து எழுத்தாகச் சொல்லப்போவது நீங்கள்.

இப்போது அவசரமான பகுதி. சென்னையில் குழந்தை பிறந்தால் பேர் இல்லாமலேயே பிறப்பைப் பதிந்துவிட்டு ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பேர் சேர்க்கலாம், அதனால் இங்கே யாருக்கும் பதற்றம் கிடையாது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே ஃபார்மை நீட்டுவார்கள், அதிலேயே சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கும் விண்ணப்பித்துவிடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 42 நாள், ஸ்காட்லாந்தில் 21 நாள், சிங்கப்பூரிலும் 42 நாள், ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் 60 நாள். ஜெர்மனியில் ஸ்டாண்டஸாம்ட் எனும் பதிவு அலுவலகம் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் மொழிபெயர்ப்போடு கேட்கும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். 80களிலும் 90களிலும் பிறந்த நம்மில் பலருடைய சான்றிதழில் அப்பா அம்மா பேர் இருக்கும், நம் பேர் இருக்காது. உங்களுடையதை இன்றே எடுத்துப் பாருங்கள், பேர் இல்லையென்றால் இப்போதும் சேர்க்க முடியுமா என்று சென்னையில் இருக்கும் அப்பாவை மாநகராட்சி அலுவலகத்தில் இப்போதே கேட்கச் சொல்லுங்கள், வயிற்றில் ஒன்பது மாசம் ஆன பிறகு வேண்டாம்.

இங்கிலாந்தில் வேலை விசாவில் இருப்பவர்களின் குழந்தை அங்கே பிறந்ததால் மட்டும் பிரிட்டிஷ் ஆகிவிடாது, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் அப்படித்தான். அந்தக் குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட்தான் எடுக்க வேண்டும், பிறந்து ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், வருஷம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி கேட்டு அலைய வேண்டும். அமெரிக்கா, கனடாக்காரர்களுக்குப் பின்னால் ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வேலை இருக்கும். எல்லாவற்றிலும் குழந்தையின் பேர், சர்நேம், அப்பா அம்மா பேர், ஸ்பெல்லிங் உட்பட ஒன்றாக இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பேரை எழுதும்போது பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்து மாறாமல் எழுதுங்கள், அமெரிக்கப் படிவத்தில் கல்யாணத்துக்கு முந்தைய பேரைத் தனியாகக் கேட்பார்கள், அங்கே பழைய பாஸ்போர்ட்டில் இருந்தது வர வேண்டும்.

கீழே கமெண்ட்டில் ஒரு தங்கச்சி கேட்டதற்கு: மிடில் நேமில் மாமனார் பேரை வைத்துச் சமாதானமாகப் போகலாமா? போகலாம் அம்மா, ஆனால் இந்திய பாஸ்போர்ட்டில் மிடில் நேமுக்குத் தனிக் கட்டம் கிடையாது, முதல் பேரோடு ஒட்டித்தான் வரும், விமான டிக்கெட்டில் இரண்டும் சேர்ந்து ஒரே நீளச் சொல்லாக அச்சாகும். குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட் எடுக்கப்போகிறீர்கள் என்றால் யோசித்துச் செய்யுங்கள். மாமனாரிடம் சர்நேமில் உங்கள் மகன் பேரே வருகிறது என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே குளிர்ந்துவிடுவார்.

டென்மார்க்கில் இருப்பவர்களுக்கு: உங்கள் ஊரில் அனுமதித்த பேர்களின் பட்டியலே இருக்கிறது, அதில் இல்லாத பேருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பேர் பட்டியலில் இருக்கிறதா என்று பிரசவத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஃபார்மை நர்ஸோ கிளார்க்கோ காதால் கேட்டு நிரப்ப விடாதீர்கள். பேர், சர்நேம், அப்பா பேர், அம்மா பேர் நான்கையும் பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஆஸ்பத்திரிப் பையிலேயே போட்டு வையுங்கள், அதைக் கையில் கொடுத்து, டைப் செய்து வந்ததை அதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். தூக்கமில்லாத அப்பாவைத் தனியாக இதற்கு அனுப்ப வேண்டாம், பிரசவத்துக்கு வந்திருக்கும் அம்மாவையோ மாமியாரையோ கூட நிற்க வையுங்கள்.