வீடு முதல்ல வந்துச்சு, பஸ் 6 வருஷம் கழிச்சு வந்துச்சு. உங்க ஏரியால எப்படி?

நாங்க குடி வந்தப்போ சுத்தி வெறும் காலி மனைதான். பஸ் சீக்கிரம் வந்துடும்னு சொல்லித்தான் வித்தாங்க, அது வர 6 வருஷம் ஆச்சு, அதுக்குள்ள ஆளுக்கொரு வண்டி வாங்கியாச்சு, லோன் போட்டு வாங்கின வண்டிய வீட்ல நிறுத்திட்டு யாரு அரை மணி நேரம் ஸ்டாப்ல நிப்பாங்க? பஸ் காலியா ஓடுச்சு, கூட்டம் இல்லன்னு ட்ரிப்ப குறைச்சாங்க, குறைச்சதும் மிச்சப் பேரும் விட்டுட்டாங்க. வண்டி ஓட்டத் தெரியாத எங்கம்மாதான் மாட்டிக்கிட்டாங்க, ஆஸ்பத்திரி போகணும்னா நான் லீவு போடணும்.

அதவிட வயித்தெரிச்சல் என்னன்னா மேப்ல பாத்தா ஸ்டாப் 300 மீட்டர், நடந்தா 1 கிலோமீட்டருக்கு மேல! நடுவுல பக்கத்து லேஅவுட் காம்பவுண்ட் சுவர். ஸ்டாப்புக்கு 400 மீட்டர் வரை நடப்பாங்கன்னு பிளான் போடறவங்க மேப்ல வட்டம் போட்டுப் பாக்குறாங்கல்ல, அந்தக் கணக்குல எங்க வீட்டுக்கு பஸ் வசதி "இருக்கு".

———

சகோ, நான் டிராபிக் ஸ்டடி டீம்ல 4 வருஷம் இருந்தவன், எங்க பக்கத்து தப்பையும் சொல்லிடுறேன். ஜனங்க போற பயணம் எத்தன கிளம்பும், எங்க போகும், எதுல போகும், எந்த ரோட்ல போகும்னு 4 ஸ்டெப்பா கணக்கு போடுவோம். ஆனா எங்க எத்தன வீடு, எத்தன வேலைங்கிறத முன்னாடியே ஃபிக்ஸ் பண்ணிடுவோம். ரோடு அகலமானா அந்தப் பக்கம் புதுசா மனை போடுவாங்கல்ல, அந்த வண்டிங்க கணக்குலயே வராது. 20 வருஷம் தாங்கும்னு நாங்க ரிப்போர்ட் குடுத்த ரோடு 3 வருஷத்துல பழையபடி நெரிசலாயிடுச்சு. எவ்வளவு அகலமாக்கினாலும் பீக் அவர்ல அது நிறையற வரைக்கும் வண்டி வரும்னு ஆந்தனி டவுன்ஸ்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1962லயே எழுதிட்டாரு, அத நான் படிச்சது வேலைய விட்டப்புறம். இன்னும் உறுத்துது.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல 1947ல போட்ட பிளான பாருங்க, கை விரல் மாதிரி 5 பக்கம் ரயில் பாதை, வீடெல்லாம் அது ஓரமா, விரலுக்கு நடுவுல பசுமை. ரயில் எங்க போகும்னு முடிவு பண்ணிட்டுதான் வீடு எங்கன்னு முடிவு பண்ணாங்க. நாம அப்படியே தலகீழ்.

———

ரொம்ப நன்றி சகோ, உள்ள இருந்தவங்க இப்படி மனசு விட்டு சொல்றது பெரிய விஷயம். சுவர் மேட்டர் மட்டும் ஒரு வழியா முடிஞ்சுது, ரெண்டு லேஅவுட் காரங்களும் உக்காந்து பேசி, ஆள் மட்டும் நடந்து போற மாதிரி ஒரு சின்ன கேட் வச்சோம். பஸ் இன்னும் காலைல 2 ட்ரிப்தான், ஆனா போன வாரம் அம்மா என்னைக் கூப்பிடாம தனியாவே செக்கப் போயிட்டு வந்தாங்க.