டிஎன்எஃப் வருகிறது, ஐஎல்-1 பீட்டா மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி:
மூன்று வாரமாக இதே இடத்தில் நிற்கிறேன். டிஎன்எஃப், ஐஎல்-1 பீட்டா என்ற இரண்டு சைட்டோகைன்களை (நோயெதிர்ப்பு செல்கள் வெளிவிடும் செய்திப் புரதங்கள்) அளக்கிறேன். எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஏழு நாள் வளர்த்தெடுத்த மேக்ரோஃபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்கள்). எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் பொருள்) மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், 4 மணி நேரம். அப்புறம் மேலே நிற்கும் திரவத்தை எடுத்து எலைசா (புரதத்தின் அளவை நிறமாகக் காட்டும் சோதனை) செய்கிறேன். டிஎன்எஃப் குழிகளில் சில நிமிடங்களிலேயே நீலம் ஏறுகிறது, அமிலம் விட்டால் அடர்மஞ்சள். ஐஎல்-1 பீட்டா தட்டில் அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு வரிசை மட்டும் நிறம் காட்டுகிறது. என் மாதிரிகள் தண்ணீர் மாதிரி கிடக்கின்றன. ஆனால் கியூபிசிஆர் சோதனையில் ஐஎல்-1 பீட்டாவின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான மரபணு நகல்) ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
தவறே இல்லை, இரண்டாவது சிக்னல் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். எல்பிஎஸ், டிஎல்ஆர்4 என்ற ஏற்பி வழியாக, மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா பி-யைத் தூண்டுகிறது. இரண்டு சைட்டோகைன்களும் உருவாகின்றன. டிஎன்எஃப் வழக்கமான சுரப்புப் பாதையில் செல்சவ்வுக்கு வந்து, அங்கே வெட்டப்பட்டு வெளியேறுகிறது. ஐஎல்-1 பீட்டாவுக்கு அந்தப் பாதைக்கான சிக்னல் வரிசையே கிடையாது. 31 கிலோடால்டன் எடையுள்ள முன்வடிவமாக, செல்லுக்குள் இருக்கும் திரவமான சைட்டோசாலிலேயே கிடக்கும்.

இரண்டாவது சிக்னலாக, கடைசி அரை மணி நேரம் 5 மில்லிமோலார் ஏடிபி (செல்லுக்குள் இருக்கும் ஆற்றல் மூலக்கூறு) சேர்த்துப் பாருங்கள். செல்சவ்வில் உள்ள பி2எக்ஸ்7 வாயில் திறந்து பொட்டாசியம் வெளியேறும், என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு ஒன்றுசேரும், கேஸ்பேஸ்-1 என்ற நொதி அந்த முன்வடிவத்தை 17 கிலோடால்டனாக வெட்டும், கேஸ்டெர்மின் டி என்ற புரதம் செல்சவ்வில் போடும் துளை வழியாக ஐஎல்-1 பீட்டா வெளியே வரும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது உடலின் நிதானம். காய்ச்சலையே மூட்டிவிடக்கூடிய மூலக்கூறு இது. பாக்டீரியாவின் வாசனை அடித்தால் மட்டும் போதாது, பக்கத்தில் ஏதோ ஒரு செல் உடைந்து ஏடிபி கொட்டியதற்கான அடையாளமும் வேண்டும் என்று காத்திருக்கிறது.

பதில் 2:
ஏடிபியைக் கரைத்ததும் பிஹெச் பாருங்கள். அது நல்ல அமிலம். சரிசெய்யாமல் விட்டால் சிவந்த மீடியம் கண் முன்னே மஞ்சளாகும். வருகிற முடிவு ஏடிபியால் வந்ததா, அமிலத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. நான் இதில் ஒரு மாதத்தைத் தொலைத்திருக்கிறேன். செல்களையும் கொட்டிவிடாதீர்கள். லைசேட்டை (செல்களை உடைத்த கரைசல்) வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) ஓட்டினால் 31 கிலோடால்டனில் முன்வடிவத்தின் பட்டை தெரியும். அப்புறம், மனித மோனோசைட்டுக்கு (ஒரு வகை வெள்ளையணு) மாறினால் இந்தக் கணக்கு மாறும். அவை எல்பிஎஸ் மட்டும் கொடுத்தாலே ஐஎல்-1 பீட்டாவை வெளியிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பழைய லைசேட் ஃப்ரீசரில் இருந்தது. 31-இல் தடித்த பட்டை! நேற்று ஏடிபியை பிஹெச் 7-க்குக் கொண்டுவந்து சேர்த்தேன். இருபதாவது நிமிடம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒட்டியிருந்த செல்கள் பலூன் மாதிரி உப்பி நிற்கின்றன. எலைசாவில் அந்தக் குழிகள் மட்டும் மஞ்சள். என்எல்ஆர்பி3-ஐத் தடுக்கும் எம்சிசி950-ஐ முன்கூட்டியே கொடுத்த குழிகளில் நிறமே இல்லை, ஆனால் டிஎன்எஃப் அங்கேயும் பழைய அளவிலேயே இருக்கிறது.