கொளுவாத ரவைக்கூடு: மூவரின் சுடுதள அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சுடுதல் சங்க உறுப்பினர்:

அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியில் ரவைக்கூட்டை, அதாவது பிடிக்குள் செருகும் ரவைப்பெட்டியை, மாற்றுவது கைவேகத்தைப் பொறுத்த காரியம் என்று முதலாவது வருடம் முழுவதும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு சனிக்கிழமை காலை என் காலடி மணலில் விழுந்தது.

1976இல் தோன்றிய சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பின் விதிகளில், நாங்கள் பயிலும் 'புரொடக்‌ஷன்' பிரிவில் ஒரு ரவைக்கூட்டில் 15 ரவைகளே இருக்கலாம். போட்டியின் ஒரு பகுதியான கட்டம் நீண்டதாக இருந்தால் 32 ரவைகள் வரை கேட்கும் என்பதால் இரண்டு தடவையாவது மாற்றியே ஆகவேண்டும். அன்று ஆறு இலக்கு அட்டைகளுக்கு இரண்டிரண்டாகச் சுட்டேன். மீதி மூன்று ரவைகள் இருக்கும்போதே அடுத்த நிலைக்கு நடந்தவாறு பழைய கூட்டை விழுத்திவிட்டு, 15 ரவைகள் நிறைந்த புதியதைச் செருகினேன். முதல் வெடி சரியாகப் போனது. இரண்டாவதற்கு விசையை இழுத்தபோது 'டிக்' என்ற ஓசை மட்டுமே வந்தது. புதிய ரவைக்கூடு அதற்குள் கழன்று மணலில் கிடந்தது.

காரணத்தைப் பயிற்றுநர் வெறுங்கையால் காட்டினார். ஸ்லைட் (துவக்கின் மேலே முன்பின்னாக நகரும் பகுதி) பின்னால் பூட்டி நிற்கும்போது கூட்டின் மேல்ரவைக்கு மேலே வெற்றிடம் இருக்கும், இலகுவாகக் கொளுவிவிடும். ஸ்லைட் மூடியிருக்கும்போதோ அந்த ரவை ஸ்லைட்டின் அடிப்பகுதியில் முட்டுவதால், விளிம்புவரை நிரப்பிய கூட்டின் வில் இன்னும் சற்று அழுந்தினால்தான் பிடிப்பு விழும். நான் தட்டியது போதவில்லை. குழலின் பின்முனையிலுள்ள அறையில் ஏற்கெனவே இருந்த ஒரு ரவை வெடித்ததால்தான் எல்லாம் சரியென்று ஏமாந்தேன். இப்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திச் செருகுகிறேன். கட்டம் தொடங்குமுன் ஆறுதலாக நிரப்பும் வேளைகளில் கூட்டைக் கீழே ஒருமுறை இழுத்தும் பார்க்கிறேன்.

மாற்றும்போது கண் எங்கே இருந்தது என்று பயிற்றுநர் அடுத்ததாகக் கேட்டார். அடுத்த அட்டையில்தான் இருந்தது. துவக்கை இடுப்புக்கு இறக்காமல் முகத்துக்கு முன்னே வைத்து, பிடியின் அடியில் கூடு நுழையும் வாயை இடப்பக்கம் சற்றுச் சாய்த்து, ஒரு கணம் அந்த வாயையே பார்க்கவேண்டும் என்றார். இடது கையின் சுட்டுவிரல் ரவைக்கூட்டின் முன்முகத்தில் நீண்டு, முதல் ரவையின் முனையைத் தொட்டிருக்க வேண்டும். இருட்டில் சாவித்துவாரத்தை விரலால் தேடுவதைப் போல, அந்த விரலே வழிகாட்டும். கூட்டின் பின்முகத்தை வாயின் பின்சுவரில் பதித்து நிமிர்த்தினால் அது தானாக உள்ளே போகிறது.

சங்கத்தின் துவக்குகள் சுடுதளத்தை விட்டு வெளியே வருவதில்லை. ஆகவே வீட்டில் அம்மாவின் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தலைகீழாகப் பிடித்து, தச்சர் அளவாகச் சீவித்தந்த பலகைத் துண்டொன்றை அதற்குள் செருகிப் பழகுகிறேன். 'கூட்டைக் கிழிச்சுப் போடாதை தம்பி' என்பதே அம்மாவின் ஒரே விமர்சனம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, நான் இடதுகைக்காரி. ரவைக்கூட்டை விடுவிக்கும் பொத்தானை நீங்கள் பெருவிரலால் அமுக்குவீர்கள். இடப்பக்கம் மட்டுமே பொத்தான் உள்ள துவக்கில் எனக்குச் சுட்டுவிரல்தான் எட்டும். அதில் ஒரு நன்மை உண்டு. மாற்றும்போது விரல் விசையைச் சுற்றிய வளையமான விசைக்காப்புக்கு வெளியே இருக்கவேண்டும், தவறினால் போட்டியிலிருந்தே விலக்குவார்கள் என்ற விதியை என் விரல் வேலையிலிருப்பதால் மறக்கவே இயலாது.

என் இடர் வேறிடத்தில் வந்தது. வலதுகைக்காரர் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே மாற்றினால் குழல் பின்புறம் திரும்பிவிடும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். எனக்கு அது வலப்பக்கம் நகரும்போது நேரும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. சுடும் திசையிலிருந்து 90 பாகை என்ற எல்லையைக் குழல் தாண்டுமுன் நடுவர் 'ஸ்டொப்' என்று கத்தியதால் எச்சரிக்கையோடு போயிற்று. இப்போது அந்தத் திசையில் நகரும் கட்டங்களில் கால் எடுத்து வைக்கும் முன்னரே மாற்றி முடித்துவிடுகிறேன்.

தெஹிவளையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எனக்கு நேர்ந்தது முற்றிலும் காலியான துவக்கில். ஸ்லைட் பின்னால் நின்றது. ஓங்கித் தட்டிச் செருகியபோது அது தானாகவே முன்னால் ஓடிவிட்டது. சில வேளைகளில் அப்படி ஓடும்போது ரவையையும் ஏற்றிவிடும் என்பதால் அதையே ஓர் உத்தியாக வைத்திருந்தேன். அன்று கூடு முழுதாக ஏறுமுன் ஓடியதால் அறை வெறுமையாகவே மூடிக்கொண்டது. அதன்பின், ஸ்லைட் தானாக ஓடினாலும் ஓடாவிட்டாலும், அதன் பின்பகுதியைக் கையால் பற்றி முழுதாக இழுத்து விடுகிறேன். அதனால் ஒரு ரவை வெளியே தெறித்தாலும் தெறிக்கட்டும்.

மணலில் விழுந்த கூட்டை அப்படியே நிரப்பாதீர்கள், வெள்ளவத்தை நண்பரே. அடித்தகட்டைக் கழற்றி, வில்லை வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் வேண்டாம், இந்தப் புழுக்கத்தில் மணல் அதில்தான் ஒட்டிக்கொள்கிறது.