மறுமொழி: 'லீட்' என்பதற்குக் 'கேட்டவர்' போதும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சிறு கடைகளுக்கான வாடிக்கையாளர் பதிவேட்டு மென்பொருளைத் தமிழாக்கும் இழையில் 'லீட்' (lead) என்ற ஒரு சொல்லில், அதாவது விலை கேட்டுவிட்டுப் போய் இனிமேல் வாங்கக்கூடியவரைக் குறிக்கும் சொல்லில், வந்து தட்டி நிற்கிறோம். இதுவரை வந்த யோசனைகளைப் படித்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

> 'சாத்திய வாடிக்கையாளர்' என்று வைத்துவிடலாம். பொருள் துல்லியமாக வருகிறது.

துல்லியமாக வரவில்லை ஐயா. வாடிக்கை என்றால் வழக்கமாக நடப்பது. 'வாடிக்கைப் பால்' என்று வீட்டில் சொல்வது தினமும் ஊற்றும் பாலைத்தான். வாடிக்கையாளர் என்பவர் திரும்பத் திரும்ப வருகிறவர். விலை கேட்டுவிட்டுப் போனவருக்கும் அவருக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கிறார்: ஒரே ஒரு தடவை வாங்கியவர். 'சாத்திய வாடிக்கையாளர்' என்ற சொல் அவரை இல்லாமலே ஆக்கிவிடுகிறது. சிறு கடைக்காரர் பெரும்பாலும் கோட்டைவிடுவது அந்த நடு ஆளிடம்தான். பொருளை விற்றுக் காசை வாங்கியதும் அவரை மறந்துவிடுகிறோம். அடுத்த தடவை அவர் வேறு கடைக்குப் போனது நமக்குத் தெரிவதுகூட இல்லை.

> 'எதிர்பார்க்கும் நுகர்வோர்'?

இது இன்னும் சிக்கல். நுகர்வோர் என்பது சட்டச் சொல்லாகிவிட்டது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், மறுவிற்பனைக்காக வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார். நம் மென்பொருளை மொத்த வியாபாரியும் பயன்படுத்தப் போகிறார். அவரிடம் விலை கேட்டு வருகிறவர்கள் முக்கால்வாசி சில்லறைக் கடைக்காரர்கள். அவர்களை நுகர்வோர் என்று எழுதினால் தவறாகிவிடும்.

> 'நாடுநர்' – பயனர், இயக்குநர் வரிசையில் அழகாக நிற்கும்.

அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் நாட்டம் என்பது வந்தவர் மனதில் இருப்பது. கடைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இன்னார் வந்தார், இன்ன பொருளைக் கேட்டார். பதிவேட்டில் தெரிந்ததைத்தான் எழுத முடியும்.

கட்டில், பீரோ விற்கும் கடைகளில் பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் நீள நோட்டு ஒன்று கிடக்கும். ஆடி மாதத்தில் அதைப் புரட்டிப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, விற்பனையும் மந்தம். ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்குச் சீர் வாங்க வேண்டியவர்கள் விலை கேட்க வந்துகொண்டே இருப்பார்கள். "கண்ணாடி வச்ச பீரோ, தேக்குக் கட்டில், ஆவணி 2-வது முகூர்த்தம், பொண்ணோட மாமா மறுபடி வருவார், லாக்கர் உள்பக்கம் வேணும்" என்று நோட்டில் இருக்கும், கீழே ஒரு போன் நம்பர். பெயர், தேவை, எப்போது வாங்குவார், முடிவெடுப்பவர் யார் என்று எல்லாமே அந்த இரண்டு வரியில் இருக்கிறது. விற்பனை மேலாண்மை மென்பொருள் 'லீட்' பக்கத்தில் கேட்கும் கட்டங்களும் இவைதாம். அதே கடையில் மாலையில் முதலாளி வந்து பையனிடம் என்ன கேட்பார்? "யாராவது கேட்டுட்டுப் போனாங்களா?" என்றுதான் கேட்பார்.

ஆகவே என் முன்மொழிவு: கேட்டவர் – வாங்கியவர் – வாடிக்கையாளர்.

மூன்றும் கடையில் புழங்குகிற சொற்கள். எட்டாம் வகுப்பு படித்த விற்பனையாளருக்கும் விளக்கம் தேவைப்படாது. கைபேசித் திரையில் சின்னப் பொத்தானிலும் அடங்கும்.

இந்தப் பிரிவு பெயருக்காக மட்டும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் ஒருசேர அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் (broadcast list) ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். விலை கேட்டுப் போனவர் நம் எண்ணைச் சேமித்திருக்க வாய்ப்புக் குறைவு. மூன்று வகையினரையும் ஒரே பட்டியலில் கொட்டி வைத்தால், ஆவணியில் வாங்கவிருந்தவருக்குச் செய்தி போகாமலே போகும். அவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்ப வேண்டும், இல்லை போன் போட வேண்டும். இன்னொன்று: அவர் நம்பர் தந்தது பீரோ விலைக்காக, தீபாவளி விளம்பரத்துக்காக அல்ல. எதற்காகத் தந்தாரோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதே 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. சட்டம் இல்லாவிட்டாலும் நம் கடைக்கு வந்தவருக்கு அந்த மரியாதை தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆளுக்குச் சொல் ஆயிற்று, அவர் கேட்ட செய்திக்கு? 'கேட்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். வருவாய்த்துறைப் பதிவேடுகளில் 'கேட்பு, வசூல், நிலுவை' என்ற வரிசையில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு பொருளில் அமர்ந்துவிட்டது. நம் மென்பொருளில் நிலுவைப் பக்கமும் இருப்பதால் குழப்பம் நிச்சயம். 'விசாரிப்பு' என்று வைப்போம். வடசொல் என்று சிலர் தயங்குவது தெரியும். 'விசாரணை' என்றால் காவல்நிலையம் நினைவுக்கு வரும், 'விசாரிப்பு' அப்படியில்லை. "இன்னைக்கு நாலு விசாரிப்பு" என்று கடைத்தெருவில் தாராளமாகச் சொல்கிறார்கள்.

கேட்டுப் போனவரிடம் பிறகு மறுபடி பேசுவதைக் குறிக்கும் 'ஃபாலோ-அப்' மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'பின்தொடர்தல்' வேண்டவே வேண்டாம், வாங்க வந்தவரைத் துரத்துவது போல இருக்கிறது. தேதிக் கட்டத்துக்கு 'மறுபடி பேச வேண்டிய நாள்' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். நீளம்தான். யாழ்ப்பாணம், கொழும்புக் கடைகளில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று அங்கிருக்கும் நண்பர்கள் எழுதினால் நல்லது. அடுத்த பதிப்புக்குச் சரங்களை (திரையில் வரும் சொற்களை) இனி மாற்ற முடியாதபடி பூட்டுவதற்குள் மாற்றிவிடலாம்.

அன்புடன்