சட்டத்தரணி ஆபீஸ் கூகுள் மேப்ல ஏறுதில்ல, தெரிஞ்சாக்கள் சொல்லுங்க

திருகோணமலையில அக்கா சட்டத்தரணி, நொத்தாரிசும்தான். போன மாசம் நிலாவெளி ரோட்டில இருந்து கோர்ட்டடிக்கு ஆபீஸ மாத்தினவ, கூகுள் பிஸ்னஸ் ப்ரொஃபைல்ல அட்ரஸ மாத்தின உடனேயே சஸ்பெண்ட் ஆகிட்டு. இப்ப பேர் போட்டுத் தேடினாலும் மேப்ல வருதில்ல, ஆக்கள் பழைய இடத்துக்குப் போய் நிக்கினம்.

அப்பீல் போட்டம், நிராகரிச்சிட்டாங்க. புதுசா ஒண்டு திறந்து ரோடு, போர்டு, உள்ளுக்க மேசை எல்லாம் காட்டி வீடியோ வெரிஃபிகேஷன் செய்தம், அதுவும் சரிவரேல்ல. போர்டு தமிழ்ல இருக்கு, ப்ரொஃபைல் பேர் இங்கிலீஷ்ல, அதுவோ தெரியா. கரண்ட் பில் கட்டிடக்காரர்ட பேர்ல. சொந்தப் பேர்லயே தொழில் செய்றதால பிஸ்னஸ் ரெஜிஸ்ட்ரேஷனும் இல்ல. போன் சாம்சங் ஏ14, லொகேஷன் ஆன்லதான் இருந்தது.

பேஸ்புக்ல பூஸ்ட் பண்ணுங்க எண்டு மட்டும் சொல்லாதீங்க, சட்டத்தரணிமாருக்கான 1988 ஒழுக்க விதிகள் இருக்கிறதால அவ விளம்பரம் போடமாட்டா. மேப்ல இடம் சரியாக் காட்டினாப் போதும்.

இலங்கையில பிஸ்னஸ் ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாம சட்டத்தரணி ஆபீஸ் ஒண்ட வெரிஃபை பண்ணி எடுத்தாக்கள் என்ன டொக்கியுமென்ட் குடுத்தீங்க?